தோற்காமலே தோற்றவர்கள்

பந்தயத்திலே தோற்றவன் கண்ணீர் விடுவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். ஒரு பந்தயத்திலேனும் தோற்காதவன் கண்ணீர் விடுவதை நான் என்னுடைய 75 ஆவது வயதிலேதான் கண்டேன். அழுதவன் என் மகள் வயிற்றுப் பேரன். இடம், அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள புளோரிடா மாநிலத்தின் தலைநகராகிய தலகாசி. நாள், 2023 ஆம் ஆண்டு மார்கழி மாதம் 3 ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை.

அவன் அவ்வூரிலுள்ள புளோரிடா மாநிலச் சர்வகலாசாலையில் இரண்டாம் வருட மாணவன். ஐப்பசி மாதம் நான் யாழ்ப்பாணத்திலிருந்து போய் மகள் வீட்டில் இறங்கிய அன்றே, கருஞ்சிவப்பும் பொன்னிறமும் கலந்த மேற்சட்டை ஒன்றை என் கையில் திணித்து, "அம்மப்பா, இதைப் போடுங்கோ. இஞ்ச இருக்கிற வரைக்கும் நீங்களும் எங்கட ஆள்" என்றான். வேட்டிக்கு மேல் அந்தச் சட்டையை அணிந்துகொண்டு நான் கண்ணாடி முன் நின்ற கோலத்தைப் பார்த்து வீடே சிரித்தது. சிரிப்போடு போட்ட சட்டை. ஆனால் இரண்டு மாதத்துக்குள் அது என் தோலோடு ஒட்டிக்கொண்டது.

அமெரிக்கர் 'உதைபந்தாட்டம்' என்று சொல்லும் விளையாட்டிலே உதைப்பது மிகக் குறைவு. முட்டை வடிவான பந்தைக் கையிலே பற்றிக்கொண்டு ஓடுவதும், எறிவதும், ஓடுகிறவனைக் கட்டிப் பிடித்து விழுத்துவதுமே பெரும்பகுதி. பக்கத்துக்கு 11 பேர். 100 யார் நீளமான களம். நாலு முயற்சிக்குள் 10 யார் முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பெரும்பாலும் பந்து எதிர்க்கோஷ்டிக்குப் போய்விடும். எல்லைக்கோட்டைக் கடந்து பந்தைக் கொண்டு சேர்த்தால் 6 புள்ளிகள். முதல்நாள் எனக்கு இது சந்தையிலே மாடு வெருண்டது போலத் தோன்றியது. பேரன் பக்கத்திலிருந்து விளக்க விளக்க, அந்தக் குழப்பத்தினுள்ளே சதுரங்கத்துக்குரிய ஓர் ஒழுங்கு இருப்பது புலப்பட்டது.

சர்வகலாசாலை மாணவர் ஆடும் ஆட்டத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டம் ஏன் என்று வாசகர் வினவலாம். மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையே ஆண்டுதோறும் நடைபெறும் துடுப்பாட்டப் போட்டியை, 'வடக்கின் பெரும்போர்' என்று நாம் கொண்டாடுவதை நினைத்துப் பாருங்கள். கொழும்பிலே உத்தியோகம் பார்க்கும் பழைய மாணவன்கூட அந்த நாட்களில் லீவு எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறான் அல்லவா? அந்தப் பற்றைப் பன்மடங்காகப் பெருக்கினால் தலகாசி நகரத்துச் சனிக்கிழமை உங்கள் கண்முன் வரும். செமினோல் என்னும் பூர்வீகக் குடிகளின் பெயரைத் தாங்கியது அவர்களுடைய கோஷ்டி. ஆட்டம் தொடங்குமுன் ஒருவன் குதிரைமேல் விரைந்து வந்து, தீப்பற்றி எரியும் ஈட்டியை மைதான நடுவிலே குத்துவான். பல்லாயிரம் பேர் ஒரே குரலில் எழுப்பும் அந்தப் போர்க் கோஷத்தைக் கேட்டபோது, கல்லூரி நாட்கள் முடிந்து அரை நூற்றாண்டு கடந்த என் நெஞ்சும் படபடத்தது.

ஆனால் எங்கள் பெரும்போருக்கும் அவர்கள் ஆட்டத்துக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. எங்களுக்கு வெற்றி தோல்வியை ஓட்டங்களும் விக்கெற்றுகளும் சொல்லிவிடும். அங்கேயோ, பருவத்தின் முடிவில், யார் மேலானவர் என்பதை மனிதர் கூடியிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

இது ஒரு நீண்ட கதை. முதற்றரக் கோஷ்டிகள் 130 க்கு மேல். ஒவ்வொன்றும் ஒரு பருவத்தில் ஆடுவது ஏறத்தாழ 12 ஆட்டங்கள். எல்லோரும் எல்லோரோடும் மோதிப் பார்ப்பது நடவாத காரியம். ஆகவே பருவம் முடிந்தபின், குளிர்காலத்தில், வெப்பமான தென்னகரங்கள் நல்ல கோஷ்டிகளை விருந்தினராக அழைத்து ஆடவைக்கும் வழக்கம் உண்டாயிற்று. இவற்றுக்குப் 'பவுல்' ஆட்டங்கள் என்று பெயர். பவுல் என்றால் கிண்ணம். கிண்ணம் போலக் குழிந்த மைதானங்களிலிருந்து வந்த பெயர் இது. இவற்றுள் மூத்தது கலிபோர்னியாவிலுள்ள பசடீனா நகரத்து ரோஜாக் கிண்ணம். 1902 ஆம் ஆண்டு அங்கே நடந்த முதலாட்டத்தில் மிச்சிகன் 49 புள்ளியும் ஸ்டான்போர்ட் பூச்சியமும் பெற்றன. இவ்வளவு ஒருதலையான ஆட்டத்தைப் பார்த்துச் சலித்த நகரத்தார், அதைக் கைவிட்டுச் சில வருடம் ரதப்போட்டி நடத்தினார்களாம்! 1916 இலே ஆட்டம் மறுபடியும் தொடங்கியது. பின்னர் 1935 இல் மயாமியில் தோடம்பழக் கிண்ணமும், நியூ ஓர்லியன்ஸிலே சீனிக் கிண்ணமும், 1937 இல் டலஸ் நகரில் பருத்திக் கிண்ணமும் எழுந்தன. அந்தந்த நாட்டுப்புறத்தின் விளைபொருளே கிண்ணத்தின் பெயராயிற்று.

விருந்துக்கு அழைப்பவர் தமக்கு விருப்பமானவரை அழைப்பார், அதிலே குற்றமில்லை. ஆனால் நாட்டின் முதல்வன் யார் என்ற கேள்வி வந்தபோதுதான் தொல்லை பிறந்தது. 1936 இலிருந்து பத்திரிகை நிருபர்களும், 1950 இலிருந்து பயிற்சியாளர்களும் வாக்களித்து முதல்வனைத் தெரிந்தார்கள். இரு சாராரும் ஒவ்வாதபோது ஒரே ஆண்டில் இரண்டு முதல்வர் உண்டாயினர். 1997 இல் மிச்சிகனும் நெப்ராஸ்காவும் அவ்வாறு மகுடத்தைப் பங்கிட்டன. 1998 முதல் வாக்குகளோடு கணனிகளின் கணக்கையும் சேர்த்து, இரண்டு கோஷ்டிகளை மாத்திரம் இறுதியாட்டத்துக்குத் தெரிந்தார்கள். 2004 இல் ஓபேர்ண் கோஷ்டி ஓர் ஆட்டத்திலும் தோற்காமலே வெளியே நின்றது. 2014 முதல் 13 பேர் கொண்ட தெரிவுக்குழு ஒன்று நாலு கோஷ்டிகளைத் தெரியும் முறை வந்தது. 2017 இல் மத்திய புளோரிடாச் சர்வகலாசாலை எல்லா ஆட்டத்தையும் வென்றும் அந்த நால்வருள் இடம்பெறவில்லை. அது தன்னைத்தானே முதல்வனென்று பிரகடனஞ் செய்து ஊர்வலமும் நடத்தியது. அது சிறிய சங்கத்தைச் சேர்ந்த கோஷ்டி, எதிரிகள் வலியவரல்லர் என்று அதற்குச் சமாதானம் சொன்னார்கள். பெரிய சங்கங்கள் ஐந்தில் ஒன்றிலே தோல்வியின்றி முதலிடம் பெற்ற கோஷ்டிக்கு மாத்திரம், அந்த நாலு இடத்தில் ஒன்று இல்லாமற் போனதேயில்லை.

என் பேரனுடைய கோஷ்டி 2023 இல் அந்த நம்பிக்கையோடேதான் ஆடியது. புரட்டாதியில் லூயிசியானா மாநிலச் சர்வகலாசாலையை 45 க்கு 24 என்று வென்றது. கிளெம்சனை அதன் சொந்தக் களத்திலேயே மேலதிக நேரத்தில் 31 க்கு 24 என்று வென்றது. கார்த்திகை 18 ஆந் திகதி நானும் பேரனும் மைதானத்தில் இருந்தோம். வட அலபாமாவோடு ஆட்டம். எளிய வெற்றி, 58 க்கு 13. ஆனால் அன்று தொடக்கத்திலேயே கோஷ்டியின் உயிர்நாடியான ஜோர்டன் ட்ராவிஸ் காலிலே படுகாயமுற்று வீழ்ந்தார். அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனபோது அவ்வளவு பெரிய கூட்டம் மூச்சுவிடாமல் நின்றது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் பேரன் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதன் பிறகும் அவர்கள் தோற்கவில்லை. அடுத்த வாரம் இரண்டாவது ஆட்டக்காரனை வைத்துக்கொண்டு, பரம வைரியான புளோரிடாச் சர்வகலாசாலையை 24 க்கு 15 என்று வென்றார்கள். அவனும் காயமுற்றான். மார்கழி 2 ஆந் திகதி சங்க இறுதியாட்டத்திலே மூன்றாவதாக நின்ற, முதலாம் வருடத்துப் பையனொருவனை இறக்கி லூயிவில் கோஷ்டியை 16 க்கு 6 என்று வென்றார்கள். அழகான ஆட்டமல்ல, ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு பெற்ற வெற்றி. பதின்மூன்று ஆட்டம், பதின்மூன்று வெற்றி.

மறுநாள் மத்தியானம் வீட்டிலே கத்தரிக்காய்க் குழம்பும் சோறும் தயாராக இருந்தன. பேரனின் தோழர் ஆறு பேர் வந்திருந்தனர். எல்லோரும் தொலைக்காட்சி முன் இருந்தோம். முதலாவது மிச்சிகன் என்றார்கள். இரண்டாவது வாஷிங்டன். இருவரும் தோல்வியற்றவர்கள், நியாயந்தான். மூன்றாவது ரெக்சாஸ். அறை அமைதியாயிற்று. நாலாவது அலபாமா.

ரெக்சாஸும் அலபாமாவும் ஒவ்வோர் ஆட்டம் தோற்றவை. பேரனுடைய கோஷ்டிக்கு ஐந்தாம் ஸ்தானம். நாலு கதிரை போட்ட பந்தியிலே ஐந்தாவது ஸ்தானத்துக்கு இலை ஏது?

தெரிவுக்குழுவின் பக்கத்து நியாயத்தையும் சொல்லாமல் விடுவது முறையன்று. தோல்வியின்றி நின்றவரை அல்ல, 'சிறந்த' கோஷ்டிகளைத் தெரிவதே தங்கள் கடமை என்றனர் அவர்கள். முக்கிய ஆட்டக்காரர் ஆட முடியாதிருப்பதைக் கணக்கிலெடுக்க அவர்களுடைய விதிகளே இடமளிக்கின்றன. ட்ராவிஸ் இல்லாத கோஷ்டி வேறொரு கோஷ்டி என்பது அவர்கள் முடிவு. அலபாமாவோ முதல்நாள்தான், 29 ஆட்டம் தொடர்ந்து வென்றிருந்த ஜோர்ஜியாவை வீழ்த்தியிருந்தது. அலபாமாவை எடுத்தால், புரட்டாதியில் அலபாமாவை அதன் வீட்டிலேயே வென்ற ரெக்சாஸை எப்படி விடுவது? இவ்வாறு ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வர, தோற்காதவன் வாசலுக்கு வெளியே தள்ளுண்டான். தன் கால் பருவத்தின் ஆரம்பத்திலேயே முறிந்திருந்தால், தான் இல்லாமலும் கோஷ்டி வல்லதென்பதை எல்லோரும் கண்டிருப்பார்கள் என்று ட்ராவிஸ் வருந்தி எழுதியதை மகள் வாசித்துக் காட்டினாள். கேட்டபோது என் கண்ணும் கலங்கியது.

தோழர்கள் சாப்பிடாமலே போய்விட்டார்கள். பேரன் படிக்கட்டிலே இருந்தான். நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் கேட்டான்: "அம்மப்பா, எங்கட ஆக்கள் எந்த ஆட்டத்தில பிழை விட்டவை?"

நான் முப்பத்தைந்து வருடம் ஆசிரியனாக இருந்தவன். எத்தனையோ கேள்விகளுக்கு உடனே மறுமொழி சொன்னவன். அந்தக் கேள்விக்கு என் வாய் அடைத்துப் போயிற்று. மறுமொழி தெரியாததனாலல்ல. அதே கேள்வியை, அதே சொற்களில், வேறொருவன் என்னிடம் முன்னொருநாள் கேட்டிருந்ததனால்.

அந்தக் கதையை நான் அன்று சொல்லவில்லை. சொல்லும்படி நேர்ந்தது மார்கழி 30 ஆந் திகதி இரவு. வெளியே தள்ளப்பட்ட கோஷ்டிக்கு ஆறுதலாகக் கிடைத்தது மயாமியிலே தோடம்பழக் கிண்ணம், எதிரி ஜோர்ஜியா. மகுடம் இல்லையென்று ஆனபின் ஆட்டக்காரரிற் பலருக்கு மனம் விட்டுப்போயிற்று. தொழில்முறை ஆட்டத்துக்குப் போக எண்ணியவர்களும் வேறு சர்வகலாசாலைக்கு மாற எண்ணியவர்களுமாக இருபதுக்கு மேற்பட்டோர் ஆடவில்லை. எஞ்சிய இளம்பிள்ளைகளை ஜோர்ஜியா 63 க்கு 3 என்று நசுக்கியது. கிண்ண ஆட்டங்களின் சரித்திரத்திலேயே அத்தனை பெரிய இடைவெளியான தோல்வி முன்னொருபோதும் ஏற்பட்டதில்லை.

பேரன் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு மெல்லச் சொன்னான்: "அவங்கள் செய்தது சரி போலத்தான் கிடக்கு, அம்மப்பா."

அந்த வார்த்தைதான் என்னை உலுக்கிவிட்டது. "இல்லை, ராசா. இரு, ஒரு கதை சொல்லுறன்" என்றேன்.

1974 ஆம் ஆண்டு. நான் ஒரு கல்லூரியில் உதைபந்தாட்டத்துக்குப் பொறுப்பாசிரியன். உண்மையாகவே காலால் உதைக்கும் உதைபந்தாட்டம். அவ்வருடம் எங்கள் கோஷ்டி இறுதியாட்டம் வரை வந்தது. பந்துக் காப்பாளனாக நின்றவன் குட்டையான, மெலிந்த ஒரு பையன். தகப்பன் இல்லை, விடியற்காலையிலே தாயோடு தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துவிட்டு மூன்று மைல் நடந்து வருவான். ஒரு நாள் தானும் பயிற்சிக்குப் பிந்தியதில்லை. நாலு ஆட்டத்திலும் ஒரு கோல்கூட விடவில்லை. இறுதியாட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கையில், நெருப்புக் காய்ச்சலினால் பருவம் முழுவதும் படுத்திருந்த பழைய காப்பாளன் குணமாகித் திரும்பி வந்தான். உயரமானவன், நீண்ட கைகள், கூரிய கண். இருவருள் சிறந்தவன் அவனே என்பதில் ஐயமில்லை. ஆசிரியர் மூவர் வேப்பமர நிழலிலே கூடிக் கால்மணி நேரத்தில் முடிவு செய்தோம். எழுதிய பட்டியலைப் பலகையிலே ஒட்டியவன் நான்.

அந்தப் பையன் பட்டியலை வாசித்துவிட்டு என்னிடம் வந்தான். கோபமில்லை, அழுகையில்லை. "சேர், நான் எந்த ஆட்டத்தில பிழை விட்டனான்?" என்று கேட்டான்.

"பிழை ஒன்றுமில்லைத் தம்பி. எங்களுக்கு வெல்ல வேணும்" என்றேன்.

இறுதியாட்டத்தன்று அவன் வந்தான். இடைவேளையில் தோடம்பழச் சுளைகளை எனாமல் தட்டத்தில் வைத்து, ஆடுகிறவர்களுக்கு ஒவ்வொருவராய்க் கொண்டுபோய்க் கொடுத்தான். நாங்கள் ஒரு கோலால் வென்றோம். உயரமான பையன் இரண்டு அருமையான பந்துகளைத் தடுத்தான். அதிபர் என் முதுகிலே தட்டினார். தெரிவு சரியென்று எல்லோரும் சொன்னார்கள். அடுத்த தவணை அந்தப் பையன் உதைபந்தாட்டத்துக்கு வரவில்லை. நானும் ஏனென்று கேட்கவில்லை.

பேரன் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவற்ர பேர் என்ன, அம்மப்பா?" என்று கேட்டான். ஒரு கணமும் யோசியாமல் சொன்னேன். இறுதியாட்டத்தில் ஆடிய பதினொருவரில் நால்வருடைய பெயர்கூட எனக்கு ஞாபகமில்லை. சுளை கொடுத்தவனுடைய பெயர் 49 வருடமாக நாவிலே நிற்கிறது.

"அப்ப, நீங்களும் ஒரு கொமிற்றிதான்" என்றான் பேரன். சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஓம், ராசா. அதனாலதான் சொல்லுறன். நாங்கள் அண்டைக்கு வென்றது, நாங்கள் செய்தது நீதி எண்டதுக்குச் சாட்சியில்லை. உங்கட ஆக்கள் இண்டைக்குத் தோத்ததும் அப்பிடித்தான்" என்றேன்.

இன்றும் அது என் எண்ணம். தெரிவு செய்கிறவனுடைய வேலை இலகுவானதன்று. நாளைக்கு யார் நன்றாக ஆடுவான் என்று பார்ப்பதா, இதுவரை யார் உழைத்து ஈட்டினான் என்று பார்ப்பதா? இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் முதலாவது ஊகம், இரண்டாவது கணக்கு. ஊகத்துக்காகக் கணக்கை அழிக்கும்போது, பெயர் வெட்டப்பட்டவனுடைய முகத்தைப் பார்த்து, 'உன்மேல் பிழையில்லை. உனக்குரியதை நாங்கள் வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டோம்' என்று சொல்லும் நேர்மையாவது வேண்டும். நான் 'வெல்ல வேணும்' என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

அந்த வருடத்து மகுடம் 2024 தை 8 ஆந் திகதி மிச்சிகனுக்குப் போயிற்று. அலபாமா அதற்கு முன்பே, புதுவருடத்தன்று ரோஜாக் கிண்ணத்திலே மிச்சிகனிடம் 27 க்கு 20 என்று தோற்றுவிட்டது. 2024 ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்து நாலு கதிரை பன்னிரண்டு கதிரையாயிற்று. பேரனுடைய கோஷ்டிக்கோ அந்த அகன்ற வாசலால் ஒரு பயனும் விளையவில்லை. அவ்வருடம் இரண்டு ஆட்டம் வென்று பத்து ஆட்டம் தோற்றது. அப்படியிருந்தும் அவன் ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே சட்டையோடு மைதானத்துக்குப் போனான். நானும் யாழ்ப்பாணத்திலிருந்துகொண்டு ஞாயிறு விடியற்காலையில் எழுந்து முடிவைப் பார்த்துப் பெருமூச்சு விட்டேன்.

அந்த மார்கழியில் பன்னிருவரைத் தெரிந்தபோது, மூன்று ஆட்டம் தோற்ற அலபாமா வெளியே விடப்பட்டது. கடைசிக் கதிரை தென் மெதடிஸ்தச் சர்வகலாசாலைக்குக் கிடைத்தது. அலபாமா அபிமானிகள் அநியாயம் என்று கூக்குரலிட்டனர். வாசலை எவ்வளவு அகலமாக்கினாலும் வாசலுக்கு வெளியே ஒருவன் நிற்கத்தான் செய்வான் போலும். செய்தியைக் கேட்டதும் என் மனத்திலே ஓர் அற்ப சந்தோஷம் எழுந்ததை மறைக்கப் போவதில்லை. பேரனும் துள்ளிக் குதிப்பான் என்று எண்ணிக்கொண்டு தொலைபேசியில் அழைத்தேன்.

"பார்த்தியா ராசா, அவைக்கும் நடந்திட்டுது" என்றேன்.

சிறிது நேரம் அந்தப் பக்கத்தில் சத்தமில்லை. பிறகு, "பாவம், அம்மப்பா. அங்கயும் என்னைப் போல ஒருத்தன் படிக்கட்டில இருப்பான்" என்றான்.

நான் தொலைபேசியை வைத்துவிட்டு முற்றத்திலே வந்து நின்றேன். அந்தப் பையனுடைய ஊர் எங்கள் ஊரிலிருந்து மூன்று மைல்தான். அவன் இப்போது அங்கே இருக்கிறானோ, கடல் கடந்து போய்விட்டானோ, நான் விசாரித்ததில்லை. மறுநாட் காலை சைக்கிளை எடுத்துத் துடைத்துக் காற்றடித்தேன்.